என் கார்டில் வந்த அஞ்சலை

1

இன்றோடு நான் மஸ்கட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். வருஷா வருஷம் இந்த நாளில் சேமியா பாயசம் காய்ச்சி, எதிர் ஃபிளாட்டு மலையாளி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, 'அப்பாடா, இன்னொரு வருஷம் தள்ளியாச்சு' என்று உட்காருவேன். இந்த வருஷம் பால் வாங்கி வைத்ததோடு சரி. காய்ச்ச மனசு வரவில்லை.

காரணம் ஒரு பெண். பேர் அஞ்சலை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை. வயது இருபத்து மூன்று. அவளை நான் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனால் அவள் இந்த ஊருக்கு வந்த விமான டிக்கெட் என் கிரெடிட் கார்டில் எடுத்தது. அவள் என் தங்கச்சி என்று விமானக் கம்பெனிக்குச் சொன்னவளும் நான்தான். இங்கேயும் ஊரிலும் இப்போது அவளைத் தேடுகிறார்கள். இதை எழுதுகிற நிமிஷம் வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ஊரில் இருக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முக்கியமாக, வெளிநாட்டு அக்காவின் கார்டு ஜெராக்ஸைப் பீரோவில் வைத்திருக்கிறவர்கள்.

2

எங்கள் ஊர் கிளியனூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கன்னியாஸ்திரிகள் புண்ணியத்தில் நான் நர்ஸ் படித்தேன், விமானம் ஏறினேன். எங்கள் வகையறாவில் முதன்முதலில் கிரெடிட் கார்டு வாங்கியவள் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. யாருக்கு டிக்கெட் வேண்டுமென்றாலும், "ஸ்டெல்லா போட்டுக் குடுக்கும்" என்பார்கள். பெரியப்பா மகன், சித்தி மருமகன், கோயில் உபதேசியாரின் பையன் என்று எல்லோருக்கும் போட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி சேவியர் எங்களைப் பார்க்க முதன்முறையாக வந்தான். திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். டிக்கெட் எடுத்த மறுநாள் விமானக் கம்பெனியிலிருந்து மெயில். பணம் கட்டியவரும் பயணம் செய்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பதால், பயணி செக்-இன் கவுண்டரில் கார்டின் நகலைக் காட்ட வேண்டும். நகலில் கார்டுக்காரர் கையெழுத்து இருக்க வேண்டும். கார்டுக்காரரின் அடையாள அட்டை நகலும் வேண்டும். கார்டு எண்ணில் முதலும் கடைசியும் தெரிந்தால் போதும், நடு எண்களை மறைத்துவிடவும். பின்பக்கத்து மூன்று எண்ணைக் கண்டிப்பாக மறைக்கவும்.

நான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மறைக்க வேண்டியதைச் சொன்னேன்.

"அக்கா, இன்னாக்கா சொல்ற நீ? அடிச்சித் திருத்தி எடுத்துக்கினு போனா தாலுக்கா ஆபீஸ்லயே வாங்க மாட்டான், மூஞ்சில வீசுவான். ஏரோபிளேன்காரன் வாங்குவானா?"

"டேய், அவங்களே மறைக்கச் சொல்றாங்கடா."

"நீ சும்மா இரு. சாதிச் சான்றிதழ் வாங்க எத்தினி தடவ அலைஞ்சேன்னு எனக்குத்தான் தெரியும்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கலரில் பிரின்ட் போட்டான். ஒரு எண் விடாமல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பக்கம் கார்டின் முன்னும் பின்னும், மறுபக்கம் போட்டோவோடு என் இந்த ஊர் அடையாள அட்டை. அதோடு விட்டானா? லேமினேஷன் போட்டான். எங்கள் பக்கம் முக்கியமான காகிதம் எதுவாக இருந்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். மழையில் நனையக்கூடாது, கறையான் அரிக்கக்கூடாது.

சென்னை விமான நிலையத்தில் கவுண்டர் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டாளாம். வினை அங்கேதான் தொடங்கியது. அந்த அட்டை செல்லும் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு யாருக்கு நான் டிக்கெட் போட்டாலும் சேவியர் வீட்டுப் பீரோவிலிருந்து அந்த அட்டை கிளம்பும். சென்னைவரை போகும், வழியனுப்பப் போனவர் கையில் திரும்பி வரும். எனக்கும் தெரியும். "என்னடா, என் கார்டு என்னைவிட அதிகமா சுத்துது" என்று நானே சிரித்திருக்கிறேன். புத்திகெட்ட சிரிப்பு.

3

சில சமயம் விமானக் கம்பெனியிலிருந்து போன் வரும். "இந்தப் பயணியை உங்களுக்குத் தெரியுமா? என்ன உறவு?" நான் உடனே, "தெரியும், என் தம்பி" என்பேன். பெரியப்பா மகனும் தம்பி, உபதேசியார் மகனும் தம்பி. அவர்கள் பதிவேட்டில் எனக்கு ஆறு தம்பிமார் இருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் வின்சென்ட் கேலி செய்வார். ஒருத்தரைத் தெரியாது என்று சொல்வது எங்கள் பக்கம் வாசலில் நிற்பவரின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. அதைச் செய்யாமலே வளர்ந்துவிட்டேன்.

அன்று வார்டில் நல்ல வேலை. ஒரு கையில் ஊசி மருந்து, இன்னொரு கையில் போன். சேவியர்.

"அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. ஜல்தியா சொல்லு, டைம் போய்க்கினு இருக்குது."

"யாருக்குடா?"

"நம்ம ஆளுதான், அப்புறம் சொல்றேன்."

சொன்னேன். பணம் எடுக்க அனுமதி கேட்டு வங்கி என் போனுக்கு அனுப்பியிருந்த ஆறு எண்கள். ஊசி போட்டேன். மறந்துவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது விமானக் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். சென்னையிலிருந்து மஸ்கட், ஒரு மாதம் கழித்துத் திரும்ப டிக்கெட். பயணி பெயர் அஞ்சலை. "இவரை உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்த அஞ்சலை யாரும் இல்லை. ஒரு நொடி வாய் நின்றது. அந்த ஒரு நொடியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு வழக்கமான பதில் தானாக வந்தது.

"தெரியும். என் தங்கச்சி."

"நன்றி மேடம். உறுதி செய்துவிட்டோம்."

டப்பாவை மூடிவிட்டுச் சேவியரைக் கூப்பிட்டேன்.

"யாருடா அஞ்சலை?"

"காணைப் பொண்ணுக்கா. அப்பன் இல்ல. பாவம். விழுப்புரத்துல பாஸ்கர்னு ஒருத்தர், டிராவல்ஸ் வச்சிருக்காரு, நம்ம ஆட்டோ ஸ்டாண்டுல பழக்கம். அவரு கார்டுல இன்னாவோ பேஜாரு, உங்க அக்கா கார்டுல போட்டுக் குடுப்பான்னாரு. டிக்கெட் துட்டு கையில குடுத்துட்டாருக்கா, சத்தியமா. லேமினேஷனும் அவராண்டதான் இருக்குது."

"எங்க வேலை? எந்த வீட்டுல?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் வந்து கூட்டிக்கினு போவானாம்."

ஒரு மாத விசிட் விசாவில் வருகிற பெண்ணை எந்தக் கம்பெனிக்காரன் கூட்டிப் போவான் என்று பதினெட்டு வருஷம் இங்கே இருக்கிற எனக்குத் தெரியாதா? விமானம் மறுநாள் காலை. திரும்பக் கூப்பிட்டு, 'நான் சொன்னது தப்பு, இவளை எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு முழு சாயங்காலம் இருந்தது.

சொல்லவில்லை. நான் முதல்முறை வந்தபோது, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இல்லை என்று சென்னை விமான நிலையத்தில் என்னை ஓரமாக நிற்க வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, புதுச் சேலையில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். அந்த அவமானத்தை இன்னொரு கூலிக்காரன் பெண்ணுக்கு என் வாயால் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல எண்ணமாகத்தான் தெரிந்தது.

4

அவள் வந்து இறங்கிய அன்று எனக்கு டியூட்டி. ஒரு வாரம் போனது. பாஸ்கரின் போன் அணைந்துவிட்டது என்று சேவியர் சொன்னான். விழுப்புரத்துக்குப் போய்ப் பார்த்தான். டிராவல்ஸ் போர்டைக் கழற்றியிருந்தார்கள். அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்களாம்.

"அக்கா, எனக்கு ஒதறுதுக்கா" என்றான். எனக்கும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு இந்திய எண்ணிலிருந்து போன். ஆட்டோ ஸ்டாண்டில் சேவியரைத் தேடிப் பிடித்து, கெஞ்சி என் நம்பரை வாங்கியிருக்கிறார்கள்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? நான் அஞ்சலை அம்மா பேசுறேன், காணையிலருந்து. புள்ள எப்படி இருக்குது?"

"எந்த... நீங்க..."

"உங்க வீட்டுல வேலைக்கு வந்துதே அதான்ம்மா, அஞ்சலை. பாஸ்கரு உங்க போட்டோவக் காட்டுனாரு. பிளாஸ்டிக் அட்டையில, வெள்ளக் கோட்டு போட்டுக்கினு. 'இந்த நர்சம்மா வீட்லதான் வேலை, டிக்கெட்டே அவங்கதான் போட்டாங்க, நம்ம ஊருப் பக்கந்தான், பயப்படாத, மொதல்ல ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும், அப்புறம் விசா மாத்திக்கலாம்'ன்னாரு. உங்க மொகத்தப் பாத்துதாம்மா அனுப்பினேன். ஒரு வார்த்த பேசச் சொல்லுங்கம்மா."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"குளிச்சிக்கினு இருக்காம்மா."

"அப்படியா? குளிக்கட்டும், குளிக்கட்டும். தலைக்கி ஊத்தினா நல்லா தொவட்டச் சொல்லுங்க. அதுக்குச் சளி புடிக்கும்."

வைத்துவிட்டார்கள். நான் குழாயை மூடினேன். ஆண்டவரே, நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அடுத்த வெள்ளியும் கூப்பிட்டார்கள். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அதற்கடுத்த வெள்ளி, தூங்குகிறாள் என்றேன். ஒரு பெண் என் வீட்டில் இருந்தால் என்னென்ன செய்வாளோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நெருங்கினாலே எனக்குச் சோறு இறங்காது.

5

வின்சென்டிடம் மறைக்க முடியவில்லை. ஏசி மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"கார்டை பிளாக் பண்ணு. இந்த டிக்கெட்டை நான் வாங்கலன்னு பேங்குல எழுதிக் குடு. முடிஞ்சிது கதை. நமக்கும் ஒரு பொண்ணு இருக்குது, ஞாபகம் வச்சிக்கோ."

"எழுதிக் குடுத்தா டிக்கெட் செத்துடும். அவ திரும்பிப் போறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"அவ எங்க இருக்கான்னே தெரியல. திரும்பிப் போறதைப் பத்திப் பேசுற!"

எங்கள் மகள் ஷைனிக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். காதில் எப்போதும் எதையோ மாட்டியிருப்பாள், நாங்கள் பேசுவது எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை என்று நினைத்திருந்தேன். அன்று அதைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"உனக்கு அவங்களைத் தெரியாது. ரைட்? அப்ப ஏன் தெரியும்னு சொன்ன?"

"ஊர்ல அப்படித்தான்டி. நம்ம பக்கத்துப் பொண்ணு."

"நம்ம பொண்ணுன்னா, அந்த அக்கா இப்ப நம்ம வீட்லதானே இருக்கணும்?"

நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நம் ஆட்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்துக்குப் போனேன். தமிழ்க்காரர் ஒருவர் இருந்தார், பொறுமையாகக் கேட்டார். எந்த வீடு? தெரியாது. யார் அழைத்துப் போனது? தெரியாது. பாஸ்போர்ட் நகல்? இல்லை. டிக்கெட் யார் எடுத்தது? நான். உறவு என்ன சொன்னீர்கள்? தங்கச்சி. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், காகிதத்துல பார்த்தா இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தது நீங்கதான். அது உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"உங்களைப் பயமுறுத்தச் சொல்லலை. பெத்தவங்க ஊர்ல போலீஸ்ல உடனே மனு குடுக்கணும். அந்த நகலும் பாஸ்போர்ட் நகலும் வந்தாத்தான் இங்க நாங்க கதவைத் தட்ட முடியும். ஒவ்வொரு நாளும் முக்கியம். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடுறேன் சார்."

சொல்லவில்லை. திரும்புகிற தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. விசா முடிகிறது, அனுப்பித்தானே ஆகவேண்டும், எப்படியும் வந்துவிடுவாள் என்று எனக்கு நானே ஜெபம்போலச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு நாளை நான்தான் தின்றேன்.

6

திரும்புகிற நாளுக்கு முந்தின நாள் என் போனுக்கு ஒரு தகவல் வந்தது. 'உங்கள் பயணி அஞ்சலைக்குச் செக்-இன் திறந்துவிட்டது. பணம் செலுத்திய கார்டை நேரில் காட்டும்படி கவுண்டரில் கேட்கப்படலாம்.'

எத்தனை முறை இந்த விதியைத் திட்டியிருக்கிறேன்! அன்று அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்தால் கார்டைக் கேட்பார்கள். லேமினேஷனை இங்கே ஏற்க மாட்டார்கள். கார்டு என் கையில். ஆகவே நான் அங்கே நிற்க வேண்டும். வேறு எந்த வழியிலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாத எனக்கு, அவள் எந்த நேரம் எந்த இடத்துக்கு வரவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

லீவு போட்டேன். விமானம் மத்தியானம். காலை எட்டு மணிக்கே கவுண்டர் முன்னால் நின்றேன். வருகிற ஒவ்வொரு தமிழ்முகத்தையும் பார்த்தேன். ஒரு பெண் கையில் பிளாஸ்டிக் அட்டை பளபளத்தது. ஓடினேன். அது அவளுடைய குழந்தையின் தடுப்பூசி அட்டை.

"அஞ்சலையா? காணையா?" என்று ஏழெட்டுப் பெண்களிடம் கேட்டிருப்பேன். ஒருத்தி பயந்து தள்ளிப் போனாள்.

வரிசை குறைந்தது. பிறகு வரிசையே இல்லை. கவுண்டரை மூடப் போகிற நேரத்தில் அங்கே இருந்த இளைஞனிடம் போனேன். டிக்கெட் எண்ணைக் காட்டினேன். கார்டை நீட்டினேன். அவன் வாங்கி, கடைசி நாலு எண்களைத் திரையில் இருப்பதோடு ஒப்பிட்டான். என் அடையாள அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். அதையும் கார்டின் பின்பக்கக் கையெழுத்தோடு நிதானமாக ஒப்பிட்டான்.

"எல்லாம் சரியாக இருக்கிறது மேடம்" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தான். "பயணி எங்கே?"

பதில் சொல்லுமுன் போன் அடித்தது. பஸ் இரைச்சல், கண்டக்டர் விசில். அதற்கு நடுவில் அந்த அம்மாவின் குரல்.

"அம்மா, புள்ளையக் கூட்டியார மெட்ராஸுக்குப் போய்க்கினு இருக்கோம், திண்டிவனம் தாண்டிட்டோம். சின்னவனும் கூட வர்றான். புள்ளைக்குப் புடிக்குமேன்னு மல்லாட்டை வேகவச்சி எடுத்துக்கினு போறேன். ஏரோபிளேனு ஏறிடுச்சாம்மா?"

இளைஞன் கவுண்டர் விளக்கை அணைத்தான்.

"இல்லம்மா" என்றேன். "அவ ஏறல. அவ எங்க வீட்ல இல்லம்மா. ஒருநாளும் இருந்ததில்ல."

"இன்னாம்மா சொல்ற? நீதான குளிச்சிக்கினு இருக்கான்ன?"

"பொய் சொல்லிட்டேன். அவளை நான் பாத்ததே இல்ல. எனக்கு அவளைத் தெரியாதும்மா."

சின்னவன், "இன்னாம்மா, இன்னா சொல்றாங்க?" என்று கேட்பது கேட்டது. பிறகு அந்த அம்மா, கோபமே இல்லாமல், ஒரு விவரம் கேட்கிறவர் மாதிரி என்னைக் கேட்டார்:

"அப்ப அங்க என் புள்ளைய யாருக்குத்தாம்மா தெரியும்?"